மீன் எண்ணெயா, அஸ்டாசாந்தினா, கடல்பாசி கிரீமா? வெயிலில் சிவந்து எரியும் தோலுக்கு எதை வாங்கலாம்

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்தால் நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் கேட்கிற கேள்வியும் மாறிவிடும். சளி, இருமல் குறைந்து, பின்கழுத்து எரிகிறது, முன்கை முழுக்கச் சிவந்து அரிக்கிறது, ஏதாவது கொடுங்கள் என்று வருவார்கள். இப்போது கூடுதலாக, செல்போனில் ஒரு படத்தைக் காட்டி "இது கடல்ல இருந்து எடுத்ததாமே, வெயிலுக்கு நல்லதாமே, இருக்கா?" என்றும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருவது மூன்று சாமான்கள்தான். மீன் எண்ணெய் மாத்திரை, அஸ்டாசாந்தின் என்ற செக்கச்சிவந்த மாத்திரை, கடல்பாசிச் சாறு சேர்த்த கிரீம். மூன்றுமே ஒரு வாரத்தில் வேலை முடிகிற சாமான் இல்லை, மாதக்கணக்கில் வாங்க வேண்டியது. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வெயிலில் நின்று கூலி வாங்குகிறவர்கள். அதனால் எது உண்மையில் எவ்வளவு செய்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தோலுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் மூன்றுக்கும் வித்தியாசம் புரியாது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் யூ.வி.பி. என்கிற பகுதி மேல்தோல் செல்களில் டி.என்.ஏ.வைக் கெடுக்கிறது. அந்தச் சேதத்துக்குப் பதிலாகச் செல்லின் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு பிரிந்து வர, காக்ஸ்-2 என்ற நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 ஆக மாற்றுகிறது. ரத்தக்குழாய்களை விரித்து, சிவப்பையும் சூட்டையும் தொட்டால் வலிக்கிற நிலையையும் கொண்டுவருவதில் முக்கியப் பங்கு அதற்குத்தான். இதெல்லாம் உடனே நடப்பதில்லை. சிவப்பு உச்சத்துக்கு வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். மதியம் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றவருக்கு ராத்திரி படுக்கும்போது தோள் எரிவது அதனால்தான். யூ.வி.ஏ. என்கிற இன்னொரு பகுதி இன்னும் ஆழமாகப் போய் ஆக்சிஜன் சார்ந்த வினைத்துகள்களை உண்டாக்கி அழற்சியையும் கறுப்பையும் கூட்டும்.

மூன்று சாமானும் இந்த வரிசையில் வெவ்வேறு இடத்தில் நுழைகின்றன. நல்ல கடல்பாசிச் சாறு கதிரை வாசலிலேயே கொஞ்சம் உறிஞ்சப் பார்க்கிறது. அஸ்டாசாந்தின் உள்ளே உண்டான வினைத்துகள்களை அடக்கப் பார்க்கிறது. மீன் எண்ணெய் அழற்சிக்கான மூலப்பொருளையே மாற்றப் பார்க்கிறது. யோசனையாகப் பார்த்தால் மூன்றும் சரிதான். அளவு என்று வரும்போதுதான் பிரிந்துபோகின்றன.

மீன் எண்ணெயில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மனிதர்கள் மேல் அதிகம் சோதித்துப் பார்த்தது இதைத்தான். மீன் எண்ணெயில் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்று இரண்டு ஒமேகா-3 கொழுப்புகள் இருக்கின்றன. ஈ.பி.ஏ. தினமும் போதுமான அளவு உள்ளே போனால் தோல் செல்லின் சவ்வில் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும், அதே காக்ஸ் நொதி இப்போது வீரியம் குறைந்த புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும். இங்கிலாந்தில் 1994இல் வந்த ஓர் ஆய்வில் தினமும் 10 கிராம் மீன் எண்ணெய் கொடுத்தார்கள். தோல் சிவக்க ஆரம்பிப்பதற்குத் தேவையான யூ.வி.பி. அளவு ஆறு மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக உயர்ந்தது. நிறுத்திவிட்டுப் பத்து வாரம் கழித்துப் பார்த்தால் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. 2003இல் அதே ஆய்வுக்குழுவினர் 42 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 4 கிராம் ஈ.பி.ஏ. மூன்று மாதம் கொடுத்தபோது அந்த எல்லை சதுர சென்டிமீட்டருக்கு 36 மில்லிஜூலிலிருந்து 49க்கு ஏறியது. சோதனை ஒழுங்காக நடந்தது, உயர்வும் நிஜம். இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

ஆனால் அந்த 4 கிராமை நம் கடை மாத்திரையோடு வைத்துப் பாருங்கள். சாதாரணமாகக் கிடைக்கிற 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரையில் ஈ.பி.ஏ. 180 மில்லிகிராம், டி.எச்.ஏ. 120 மில்லிகிராம், மீதி வேறு கொழுப்பு. 4 கிராம் ஈ.பி.ஏ. வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 22 மாத்திரை விழுங்க வேண்டும். யாரும் விழுங்கப் போவதில்லை, விழுங்கவும் கூடாது. ஒன்று, இரண்டு என்று போடுகிறவருக்கு அந்த ஆய்வில் வந்த பலன் கிடைக்கும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. செறிவூட்டியது என்று விலை கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றில் ஈ.பி.ஏ. கூடுதல்தான், ஆனாலும் நாளுக்குப் பல மாத்திரை வேண்டியிருக்கும். அந்த அளவுக்குப் போகும்போது வேறு விஷயங்களும் கூடவே வருகின்றன. அதிக அளவு ஒமேகா-3 கொடுத்த பெரிய இதய ஆய்வுகள் சிலவற்றில் இதயத் துடிப்பு தாறுமாறாகிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இதே பேச்சில் காட் லிவர் ஆயிலையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்குகிறார்கள். அது மீனின் ஈரலிலிருந்து எடுத்தது, அதில் வைட்டமின் ஏ-வும் டி-யும் நிறைய இருக்கும். ஈ.பி.ஏ. கணக்குப் பார்த்து அந்த மாத்திரையை அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ விஷமாகிவிடும், கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து.

சரி, மாத்திரைக்குப் பதில் மீனாகவே சாப்பிட்டால்? மத்தி இந்த விஷயத்தில் நல்ல மீன். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து மதுரைக்கு வருகிற மலிவான மீன்களில் ஒமேகா-3 நிறைய இருப்பது அதுதான், கொழுப்பு ஏறிய பருவத்தில் இன்னும் கூடுதல். ஆனாலும் தினமும் ஒரு தட்டு மத்திக் குழம்பு சாப்பிட்டாலும் அந்த 4 கிராம் ஈ.பி.ஏ.வை எட்டுவது கஷ்டம். இதயத்துக்கும் உடம்புக்கும் நல்லது என்று வாரம் இரண்டு முறை வாங்குங்கள், வெயிலுக்காக என்று கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, பொரித்து எடுத்தால் மீனின் கொழுப்பில் ஒரு பங்கு எண்ணெயோடு போய்விடும். குழம்புதான் மேல்.

அடுத்து அஸ்டாசாந்தின். இறால், நண்டு, சால்மன் மீன் இவற்றின் சிவப்புக்குக் காரணமான நிறமி இது. இறாலை வேகவைத்ததும் சிவக்கிறதே, அதுவரை புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த அஸ்டாசாந்தின் வெளியே தெரிகிற நேரம் அது. மாத்திரையில் வருவது பெரும்பாலும் ஹீமட்டோகாக்கஸ் என்ற நுண்பாசியிலிருந்து எடுத்தது, அந்தப் பாசி நன்னீரில் வளர்வது. டப்பாவில் கடல் படம் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஆனால் அதனால் சரக்கு மட்டம் என்றும் இல்லை. அந்தப் பாசி பச்சையாகத்தான் இருக்கும். கடும் வெளிச்சம், சத்துக் குறைவு என்று நெருக்கடி வரும்போது இந்தச் சிவப்பைத் தயாரித்துத் தன் மேல் போர்த்திக்கொள்ளும். தன்னை வெயிலிலிருந்து காப்பாற்றிக்கொள்ள அது செய்கிற பொருளைத்தான் நாம் எடுத்துச் சாப்பிடுகிறோம்.

இதற்கு மனித ஆதாரம் குறைவு, ஆனால் இருக்கிறது. 2018இல் ஜப்பானில் 23 பேரை வைத்து, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாத முறையில், தினம் 4 மில்லிகிராம் அஸ்டாசாந்தினோ வெற்று மாத்திரையோ ஒன்பது வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அஸ்டாசாந்தின் எடுத்தவர்களுக்குத் தோல் சிவக்கும் எல்லை கொஞ்சம் உயர்ந்தது, கதிர் பட்ட இடத்தில் ஈரப்பதம் இழப்பதும் குறைந்தது. உயர்வு சிறியதுதான், ஆட்களும் குறைவுதான். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. ஆய்வில் கொடுத்த அதே 4 மில்லிகிராம் ஒரே மாத்திரையில் கிடைக்கிறது. இருபத்திரண்டு மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று சொல்லியிருக்கிறது. பாசியிலிருந்து வருவதால் சைவக்காரர்களும் எடுக்கலாம், மாத்திரையின் மேலுறை ஜெலட்டினா இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கொழுப்பில் கரைவது, அதனால் வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்குப் பின் போட்டால்தான் உடம்பில் சேரும்.

கிரில் எண்ணெய் என்று, இறால் போன்ற ஒரு சிறு கடலுயிரியிலிருந்து எடுத்ததை, ஒமேகா-3, அஸ்டாசாந்தின் இரண்டையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லி விற்கிறார்கள். அதில் ஈ.பி.ஏ.யும் குறைவு, அஸ்டாசாந்தினும் பெயருக்குத்தான், விலை மட்டும் அதிகம். விட்டுவிடலாம்.

இப்போது கடல்பாசி. மதுரைக்காரர்களுக்குக் கடல்பாசி என்றால் முதலில் ஜிகர்தண்டாதான் ஞாபகத்துக்கு வரும். மண்டபம், பாம்பன் பக்கம் கடலில் இறங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தப் பாசியிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள், நம் மதுரைப் பக்கத்திலேயே அதற்கான ஆலைகள் உண்டு. அங்கேயே விளைகிற கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் பழுப்புப் பாசிகள், அவை கெட்டியாக்கப் பயன்படும் ஆல்ஜினேட் எடுக்கப் போகின்றன. இந்தப் பாசிகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அந்தப் பெண்களின் உழைப்பின் மேலும். அதனாலேயே அவற்றின் பெயரில் எதை வேண்டுமானாலும் சொல்லி விற்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

கிரீம்காரர்கள் கடல்பாசி என்று பொதுவாகப் போட்டுவிடுவார்கள், உள்ளே இருப்பது மூன்று நான்கு வெவ்வேறு பொருளாக இருக்கலாம். ஒன்று ஃபியூகோய்டான், பழுப்புப் பாசியில் இருக்கும் கந்தகம் சேர்ந்த சர்க்கரைச் சங்கிலி. செல் வளர்ப்பிலும் எலியிலும் யூ.வி. அழற்சியைக் குறைத்திருக்கிறது. ஆனால் தோலைத் தாண்டி உள்ளே போக ஒரு மூலக்கூறு சுமார் 500 டால்டன் எடைக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, ஃபியூகோய்டானோ பல ஆயிரக்கணக்கில் எடை கொண்டது. மேலே பூசினால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான் நம்பலாம். எரிகிற தோலுக்கு அதுவும் ஓர் உதவிதான், ஆனால் அந்த உதவியைச் சாதாரண மாய்ஸ்சரைசரோ கற்றாழை ஜெல்லோ குறைந்த காசில் செய்யும்.

இரண்டாவது கராஜீனன். ராமநாதபுரம் கடற்கரையில் மிதவை கட்டி வளர்க்கிற கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து வருவது. கிரீமைக் கெட்டியாக்க அது அருமையான பொருள், தோலில் பூசுவதால் கெடுதலும் இல்லை. ஆனால் அழற்சியைத் தணிக்கும் மூலப்பொருள் என்று அதைக் காட்டி விற்றால் நம்பாதீர்கள். மருந்து ஆய்வுக்கூடங்களில் எலியின் பாதத்தில் வீக்கத்தை வரவழைப்பதற்கே கராஜீனனைத்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். புது வலிநிவாரணி வேலை செய்கிறதா என்று பார்க்கும் பழைய, பெயர்பெற்ற சோதனை அது.

மூன்றாவதுதான் உண்மையிலேயே சுவாரசியமானது. மைக்கோஸ்போரின் போன்ற அமினோ அமிலங்கள் என்று நீளமான பெயர். அலை இறங்கும்போது பாறையில் வெயில் படக் கிடக்கிற சிவப்புப் பாசிகள் தங்களைக் காத்துக்கொள்ளச் செய்துகொள்கிற சிறு மூலக்கூறுகள். 309 முதல் 362 நானோமீட்டர் வரையிலான கதிரை இந்த வகை உறிஞ்சுகிறது. அதில் ஒன்றுக்கு அது உச்சமாக உறிஞ்சும் அலைநீளத்தை வைத்தே பார்ஃபைரா-334 என்று பெயர். கதிரை வாங்கிக் கெட்டுப்போகாமல் சூடாக மாற்றி வெளியேற்றிவிடும். ஜப்பானியர் சோற்றில் சுற்றிச் சாப்பிடும் நோரி வகைப் பாசியிலிருந்து இதை எடுத்து ஐரோப்பாவில் கிரீமில் சேர்க்கிறார்கள். ஆனால் அங்கே அனுமதிக்கப்பட்ட யூ.வி. வடிகட்டிகளின் பட்டியலில் இது இல்லை, அழகுசாதனச் சேர்மானமாகத்தான் போகிறது. அதனால் அப்படி ஒரு கிரீமில் எஸ்.பி.எஃப். (தோல் சிவக்காமல் எத்தனை மடங்கு கதிரைத் தாங்கும் என்று சொல்கிற எண்) 30, 50 என்று போட்டிருந்தால், அந்த எண்ணைச் சுமப்பது ஜிங்க் ஆக்சைடு போன்ற வழக்கமான வடிகட்டிகள்தான். எஸ்.பி.எஃப். எண்ணே இல்லாத கடல்பாசி கிரீமைப் பூசிக்கொண்டு கத்திரி வெயிலில் இறங்குவது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்குவதற்குக் கிட்டத்தட்ட சமம்.

கடல்பாசிப் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பாசியில் அயோடின் ஏராளம், தைராய்டு தொந்தரவு உள்ளவர்களுக்கு அது ஆகாது. கட்டக்கோரை இனத்தைச் சேர்ந்த ஹிஜிகி என்ற பாசியில் ஆர்சனிக் அதிகம் என்று சில நாடுகளில் சாப்பிடவே வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். பக்குவம் பார்த்து எடுத்த உணவுத் தர அகர் வேறு, கடற்கரையில் அள்ளிக் காயவைத்த பொடி வேறு.

கடல் அட்டை எண்ணெய், கடல் விசிறிச் சாறு என்று யாராவது நைசாகக் காட்டினால் தொடவே வேண்டாம். கடல் அட்டையும் கடல் விசிறியும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உயர் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. கரீபியன் கடலில் வளரும் ஒரு கடல் சாட்டையிலிருந்து (கடல் விசிறியின் உறவு) சூடோப்டெரோசின் என்ற நல்ல அழற்சி எதிர்ப்புப் பொருளை 1980களில் கண்டுபிடித்து வெளிநாட்டு கிரீமில் சேர்த்தது உண்மைதான். அதைச் சொல்லி மன்னார் வளைகுடாவின் உயிர்களை விற்பது குற்றம், வாங்குவதும் அந்தக் கடலைக் காலி பண்ணுவதுதான்.

ஆக, எதை வாங்குவது? இங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு கணக்கு இருக்கிறது. 36 மில்லிஜூல் 49 ஆனது என்றால் 1.36 மடங்கு. எஸ்.பி.எஃப். கணக்கில் சொன்னால் அது 1.36. ஆறு மாதம் பத்து கிராம் குடித்தால் 2. ஒரு மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டே 5 முதல் 7 வரை காப்பாற்றுகிறது, நனைந்தால் குறையும். நெருக்கமாக நெய்த அடர்நிற முழுக்கைச் சட்டை அதைவிடப் பல மடங்கு. எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீனைச் சரியான தடிமனில், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கித் தடவினால் அதுவும் அப்படியே. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகை மணலில் நிற்கிறவர்கள் வியர்த்தும் நனைந்தும் போவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பத் தடவ வேண்டும், பலர் காலையில் ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள். சட்டை, தலைத்துண்டு, சன்ஸ்க்ரீன் மூன்றும் வாங்கிய பிறகு மிச்சக் காசு இருந்தால் மட்டுமே கடல் மாத்திரை. இந்த வரிசையை நான் யாருக்கும் மாற்றிச் சொல்வதில்லை.

நம் தோல் நிறமும் இதில் வருகிறது. மேலே சொன்ன மீன் எண்ணெய் ஆய்வுகள் இங்கிலாந்தில் நடந்தவை, எளிதில் சிவக்கிற வெளிறிய தோல் அங்கே அதிகம். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மெலனின் ஏற்கெனவே ஓரளவு காவல், நமக்குச் சிவப்பைவிடக் கறுத்துப்போவதும் கன்னத்தில் மங்கு விழுவதும்தான் பெரிய தொல்லை. அதில் யூ.வி. மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. மங்குக்காக மீன் எண்ணெய் வாங்க வருகிறவர்களிடம் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்திலேயே வருகிற சன்ஸ்க்ரீனைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். கறுத்த இடத்தில் எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயிலில் போகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள், அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் கொப்புளம் போட்டுக் கறுப்பு இன்னும் ஏறும்.

ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் மீன் எண்ணெயை நான் வேறு மாதிரிப் பார்ப்பேன். என் தங்கச்சி வீட்டுக்காரர் மேலூர்ப் பக்கம் சாலை வேலையில் சூப்பர்வைசர். ஒவ்வொரு வருடமும் மாசி, பங்குனியில் வெயில் ஏறுகிற நேரத்தில் பின்கழுத்திலும் முன்கை வெளிப்பக்கத்திலும் சின்னச் சின்னக் கொப்புளமாக வந்து அரிக்கும். "மச்சான், வேர்க்குரு பவுடர் போட்டும் போகல, அந்த மீன் மாத்திரைய வாங்கட்டுமா?" என்றார். வேர்க்குரு என்றால் மூடிய இடத்தில், வியர்வை தேங்குகிற இடத்தில் வரும். வெயில் படுகிற இடத்தில் மட்டும், அதுவும் பருவத்தின் ஆரம்பத்தில் வந்தால் அது பாலிமார்ஃபிக் லைட் எரப்ஷன் என்கிற ஒளி ஒவ்வாமையாக இருக்கலாம், நம் ஊரில் சகஜம். இங்கிலாந்தில் 1995இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தத் தொந்தரவு உள்ள 13 பேருக்கு மூன்று மாதம் மீன் எண்ணெய் கொடுத்து, பலருக்குக் கொப்புளம் கிளம்புவது குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதிலும் கொடுத்தது பெரிய அளவுதான், ஆட்களும் கொஞ்சம்தான். அதனால் "மாப்ள, முதல்ல பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுல காட்டுங்க, அப்புறம் மாத்திரையப் பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினேன். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், சில பிரஷர் மாத்திரைகள், சில வலி மாத்திரைகள்கூடத் தோலை வெயிலுக்கு எரியவைக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற லூபஸ் போன்ற நோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அதையெல்லாம் தோல் டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும், கடைக்காரனால் முடியாது.

மற்றபடி, சட்டையும் சன்ஸ்க்ரீனும் ஒழுங்காகப் போட்டும் எரிச்சல் இருக்கிறது, கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது என்றால் என் தேர்வு அஸ்டாசாந்தின் 4 மில்லிகிராம், பெரிய நம்பிக்கையோடு அல்ல, மூன்றில் அளவு கைக்கு எட்டுவது அது ஒன்றுதான் என்பதால். டப்பாவின் பின்பக்கம் பாருங்கள்: பாசித்தூள் இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் போட்டிருந்தால் வாங்க வேண்டாம், அஸ்டாசாந்தின் இத்தனை மில்லிகிராம் என்று தனியாக இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்பே, தை மாதக் கடைசியில் ஆரம்பித்தால்தான் பங்குனி சித்திரைக்கு உடம்பில் ஏறியிருக்கும், எரிந்த பிறகு வாங்கி அன்றைக்கே போட்டுப் பயனில்லை. எரிந்த அன்றைக்குக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியும் மணம் சேர்க்காத மாய்ஸ்சரைசரும் நிறையத் தண்ணீரும் நிழலும் போதும், கொப்புளமும் காய்ச்சலும் வந்தால் ஆஸ்பத்திரி. ஒரு பருவம் முழுக்க எடுத்தும் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு இன்னொரு முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளலாம்.